ஊரடங்கிய நாட்களில் எம்மவர் வாழ்வு

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆட்சி மாறியதையும், போர் நடந்ததையும், சட்டம் பிறந்ததையும் எடுத்து எழுதுவர். சந்தை கூடாத நாளையும், அடியவர் இல்லாத கோயிலில் ஒலித்த மணியையும், தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க இயலாது நின்ற மகனையும் அவர்கள் எழுதுவது அரிது. ஆயினும் பொதுமக்கள் வாழ்ந்த வாழ்க்கை இவற்றிலேதான் இருக்கின்றது. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கொவிட்-19 என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது எமது இலங்கைத் தீவும் பலமுறை ஊரடங்கி இருந்தது. அந்நாட்களில் எம்மவர் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை எமக்குத் தெரிந்தவரையில் எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று எமது சங்கத்திலே தொண்டாற்றும் இளைஞர் பலர் அன்று பாடசாலைச் சிறுவர்களாயிருந்தனர். அவர்கள் அந்நாட்களை நீண்டதொரு விடுமுறையாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். மூத்தோரோ அதனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடி, அதற்கு முந்திய துன்பத்தை மூடி மறைத்துவிட்டது. இப்படியே விட்டால் இன்னும் இருபது ஆண்டுகளில் அது முற்றாக மறக்கப்பட்டுப் போகும். அவ்வாறு மறப்பதனால் வருங் கேடு யாது என்பதை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

முன்னைய கொள்ளைநோய்கள்

தொற்றுநோய் இந்நாட்டுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாந்திபேதி யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பலமுறை வருத்தியது. 1847இல் இங்கு வந்து, மானிப்பாயிலே வைத்தியப் பணியாற்றி, 1873இல் தம் நாடு திரும்பிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் அந்நோயோடு போராடியவர். மேலைநாட்டு மருத்துவத்தை அவர் தமிழிலே கற்பித்தார்; மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார்.

வைத்தியசாலைகள் வருவதற்கு முன்னரும் எம்மவர் நோயைத் தடுக்க ஒரு வழக்கம் வைத்திருந்தனர். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டின் படலையிலே வேப்பிலை கட்டப்படும். அதனைக் கண்ட அயலார் உள்ளே செல்லார். வீட்டாரும் பிறர் வீடுகளுக்கும் நன்மை தீமைகளுக்கும் போகார். நோயாளிக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வேண்டிய பொருள்களை அயலவர் படலையடியிலே வைத்துவிட்டுச் செல்வர். தனிமைப்படுத்தல் என்னும் சொல்லை நாம் 2020இலே அடிக்கடி கேட்டோமாயினும், அச்செயல் எம் பாட்டிமார் நன்கறிந்த ஒன்றாகும்.

அரசாங்கமும் சட்டத்தினாலே மக்களைத் தடுத்துவைக்கத் தொடங்கியது பிரித்தானியர் காலத்திலாகும். பம்பாயிலே 1896இல் பிளேக் நோய் பரவியதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1897இல், நோய்த் தனிமைப்படுத்தலும் தடுத்தலும் பற்றிய 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, அதன் பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேறினர். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூதாதையர் இந்நாட்டைக் காண்பதற்கு முன் கண்டது அம்முகாமின் வேலியையே. பிற்காலத்தில் இலங்கைப் போருக்கு அஞ்சிச் சென்ற ஏதிலிகளுக்கும் அதே மண்டபமே முகாமாயிற்று.

1914இல் கொழும்பிலே பிளேக் கண்டது. 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இங்கும் வந்து, முதலில் மெதுவாகவும் பின்னர் கடுமையாகவும் இருமுறை பரவி, பெருந்தொகையானோரைக் கொண்டுபோயிற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது, கேகாலை, குருணாகல் பகுதிகளிலே மலேரியாக் காய்ச்சல் மூண்டது. அதனால் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்பர். அவ்வேளையில் சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தமை இந்நாட்டு இளைஞர் சரித்திரத்தில் பொன்னான ஓர் ஏடாகும்.

இவற்றுள் மலேரியாவைப் பற்றி எம்மூத்தோர் பேசக் கேட்டிருக்கின்றோம். வாந்திபேதியைப் பற்றியும் கேட்டிருக்கின்றோம். ஆனால் 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலைப் பற்றி எம் ஊரில் எவரும் ஒரு கதையேனும் சொல்லி நாம் கேட்டதில்லை. நூற்றிரண்டு ஆண்டுகளின் பின், மூச்சினாலே பரவும் இன்னொரு நோய் வந்தபோது, முகத்தை மூடுவது ஏன், கூட்டம் கூடாதிருப்பது ஏன் என்பவற்றையெல்லாம் நாம் அரிச்சுவடியிலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. மறதியினால் வருங் கேடு இதுவே.

2020 பங்குனி

2020 சனவரி 27ஆந் திகதி, சீனாவிலிருந்து வந்த உல்லாசப் பயணி ஒருவரிடம் இந்நோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. மார்ச் இரண்டாம் வாரத்தில், இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாயிருந்த இலங்கையர் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தது. அவ்வாரத்திலேயே பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. இரண்டு நாட்களின் பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். கொழும்பு, கம்பகா, களுத்துறை, கண்டி, புத்தளம் ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் ஆபத்து மிகுந்த மாவட்டமெனக் கணிக்கப்பட்டமையால், இங்கு ஊரடங்கு வாரக்கணக்கில் நீடித்தது. நாடு முழுவதிலும் அது முற்றாக நீக்கப்பட்டது யூன் 28ஆந் திகதியிலாகும்.

அதனோடு முடிந்துவிடவில்லை. ஒக்டோபரிலே மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் பரவியது. டிசம்பரிலே எமது மருதனார்மடச் சந்தையிலும் பரவி, உடுவில் பகுதி முடக்கப்பட்டது. 2021 சித்திரை வருடப்பிறப்பின் பின்னர் நோய் மூன்றாம் முறை எழுந்தது. மே 21 தொடக்கம் ஒரு மாதம் பயணத்தடையும், ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கும் இருந்தன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. முதலாம் ஊரடங்கு முடிந்த 2020 யூனில், நாடு முழுவதிலும் இந்நோயால் இறந்தவர் 11 பேரே. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் அத்தொகை ஏறத்தாழ 15,000 ஆயிற்று. நோய் குறைந்திருந்த நாட்களிலே நாம் மிக அஞ்சினோம். நோய் எம் தெருவுக்கே வந்த நாட்களில் அச்சம் பழகிப் போயிருந்தது.

தெரிந்த சொல், தெரியாத அனுபவம்

ஊரடங்கு என்னும் சொல்லை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்திலே அச்சொல்லோடு பிறந்து அதனோடு வளர்ந்த தலைமுறை எம்முடையது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது குப்பி விளக்கிலே படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 2006 ஓகஸ்டிலே முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது சங்கக்கடை வாசலில் விடிய முன்னரே வரிசையில் நின்றோம். ஆதலின் 2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மூத்தோர் கலங்கவில்லை. அரிசி, மா, சீனி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்தனர். தீப்பெட்டி எதற்கு என்று பிள்ளைகள் சிரித்தனர்.

ஆனால் சில நாட்களிலேயே வேறுபாடு தெரிந்தது. போர்க்காலத்தில் ஆபத்து வெளியிலிருந்து வந்தது. நாம் ஒருவரையொருவர் அண்டியிருந்தோம். ஒரே பதுங்குகுழிக்குள் பகையாளிகளான இரு வீட்டாரும் தோளோடு தோள் முட்டியிருந்தனர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே, முன்பின் அறியாதவர்க்குத் தென்மராட்சி மக்கள் தம் திண்ணைகளையும் வளவுகளையும் திறந்து விட்டனர். இம்முறையோ அண்டியிருத்தலே ஆபத்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினால் யன்னலைச் சாத்தினோம். வெளியூரிலிருந்து வந்த சொந்தச் சகோதரனைப் பற்றிக் கிராம அலுவலருக்குத் தகவல் கொடுத்தவர்களும் இருந்தனர். நோய் கண்டவர் குற்றஞ் செய்தவரைப் போல நோக்கப்பட்டனர். அவருடைய ஊரும் மதமும் தொலைபேசிச் செய்திகளிலே பரப்பப்பட்டன. அச்செய்திகளைப் படித்து, உண்மை அறியாமலே பிறர்க்கு அனுப்பியவருள் எம்மவரும் உளர் என்பதை வெட்கத்தோடு இங்கு எழுதுகின்றோம்.

உழைப்பும் உலையும்

மாதச் சம்பளம் பெறுவோர்க்கு முதல் வாரங்கள் பெருந் துன்பமாயிருக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி அரசாங்கம் கூறியது. உத்தியோகத்தர் முற்றத்தைக் கூட்டினர். மாமரத்துக்குப் பாத்தி கட்டினர். பிள்ளைகளோடு தாயம் ஆடினர். ஆண்டுக்கணக்காகத் தூசி படிந்திருந்த ஆட்டுக்கல் கழுவப்பட்டது. மரவள்ளி, முருங்கையிலை, ஒடியற்கூழ் எல்லாம் மீண்டும் உணவாயின. வீட்டிலுள்ள ஆண்கள் மூன்று வேளையும் வீட்டில் உண்டபோதுதான், குசினிக்குள் ஒரு பெண் எத்தனை நாழிகை நிற்கின்றாள் என்பது பலருக்குத் தெரியவந்தது. தெரிந்தபின் எத்தனை பேர் உதவிக்குச் சென்றனர் என்பதை அவரவர் வீட்டாரே சொல்லவேண்டும்.

நாட்கூலிக் குடும்பங்களின் நிலை வேறு. மேசன், தச்சன், சந்தையில் மூட்டை சுமப்பவர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் விதவைத் தாய் ஆகியோர்க்கு, அன்று வேலை இல்லையென்றால் அன்று உலை இல்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசாங்கம் வருமானங் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா வீதம் கொடுத்தது. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்குப் போதும் என்பதைச் சங்கக்கடைக் கணக்கு அறிந்தவர் எவரும் சொல்வர். ஊரடங்கை மீறியதாக மே மாத இறுதிக்குள் 60,000இற்கும் மேற்பட்டோர் நாட்டிலே கைதாயினர். அவர்களுள் வேடிக்கை பார்க்கப் போனவரும் இருப்பர். பால்மா வாங்கப் போனவரும் இருப்பர். கணக்கிலே இருவரும் ஒன்றே.

வலிகாமத்துச் செம்மண்ணிலே பங்குனி மாதம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிண்டும் காலம். புகையிலை வெட்டும் காலமும் அதுவே. இறைப்புக்கும் உரத்துக்கும் கடன்பட்டுப் பயிர் செய்தவன், விளைந்ததைத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் அனுப்ப வழியின்றித் திகைத்தான். சந்தைகள் மூடப்பட்டுப் பின்னர் திறந்த வெளிகளுக்கு மாற்றப்பட்டன. ஒரு புறத்தில் மரக்கறி வாடி மாட்டுக்குப் போடப்பட்டது. மறுபுறத்தில் நகரத்து வீடுகளில் மரக்கறி கிடைக்கவில்லை. இடையிலே நின்றது ஒரு லொறியும் ஓர் அனுமதிப்பத்திரமுமே. கடலோரத்தின் கதையும் இதுவே. 2020 இறுதியில் பேலியகொடைச் சந்தை மூடப்பட்டதும் மீன் தின்றால் நோய் வருமென்ற வதந்தி எழுந்து விலை விழுந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையிலே பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டிய அளவுக்கு அவ்வதந்தி வலுத்திருந்தது.

மலைநாட்டிலோ தோட்டங்கள் அடைக்கப்படவில்லை. நாடு வீட்டுக்குள் இருந்தபோது தேயிலைக் கொழுந்து பறிக்கப்பட்டது. ஒருவருக்கொருவர் எட்டி நிற்குமாறு வானொலி கூறியது. ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழும் லயன் வீட்டிலே எங்கே எட்டி நிற்பது? கொழும்புக் கடைகளில் வேலை செய்த மலைநாட்டு இளைஞர் பலர், கடை மூடப்பட்டு, சம்பளமும் இன்றி, ஊருக்குத் திரும்பப் பேருந்தும் இன்றித் தவித்தனர். கட்டுநாயக்க வலயத்து ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் வாடகை அறைகளிலே அவ்வாறே சிக்குண்டனர். நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகளாகக் கேட்டது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சிலே. அதற்குள் சாமான்களின் விலை அவர்களை முந்திச் சென்றிருந்தது.

அந்நாட்களில் எம்முடையன போன்ற சங்கங்கள் பல உலருணவுப் பொதிகள் கொடுத்தன. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் தாமே நோய்க்கு நடுவில் இருந்த உறவினர் அதற்குப் பணம் அனுப்பினர். அது நற்பணியென்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு குறையையும் சொல்லவேண்டும். பணம் அனுப்பியவர்க்குக் கணக்குக் காட்டவென்று, பொதி வாங்குவோரை நிறுத்திப் படம் பிடித்தோம். நேற்றுவரை எவரிடமும் கைநீட்டாது உழைத்து வாழ்ந்த மனிதன் அப்படத்திலே தலை குனிந்து நிற்கின்றான். முற்காலத்தில் வேப்பிலை கட்டிய படலையடியிலே பொருளை வைத்துவிட்டுச் சத்தமின்றிப் போன அயலவர் எம்மிலும் பண்புடையவர்.

பிள்ளைகளின் படிப்பு

யாழ்ப்பாணத்தார் படிப்பையே தமது முதலீடாகக் கொண்டவர். பாடசாலை மூடப்பட்டதும் படிப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஆசிரியர் வாட்ஸ்அப்பிலே பாடம் அனுப்பினர். சூமிலே வகுப்பு நடாத்தினர். தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. இதனால் பயன்பெற்ற பிள்ளைகள் பலர். ஆயினும் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு தொலைபேசியும் இருந்தால் யாருக்கு வகுப்பு? தந்தை அத்தொலைபேசியோடு வேலைக்குப் போய்விட்டால் எவருக்கு வகுப்பு? தோட்டை அடைவு வைத்துத் தொலைபேசி வாங்கிய தாய்மாரை நாம் அறிவோம். ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்திலே, இணையத் தொடர்பு தேடிப் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே நடந்து மலைப்பாறையில் ஏறியமை 2021இலே உலகச் செய்தியாயிற்று. அப்பாறை ஏற இயலாதிருந்த பிள்ளைகள் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

பரீட்சைகளும் இடம் மாறின. 2020ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை ஓகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குச் சென்றது. அதே ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டு உயர்தரம் 2022 பெப்ரவரியிலும் நடந்தன. ஒரு தலைமுறை தன் வயதிலே ஓராண்டை வரிசையில் நின்றே கழித்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அவ்வோராண்டை மீளப் பெற்றுக்கொண்டது. தகப்பனோடு கூலிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை பாடசாலை திறந்தபின்னும் திரும்பி வரவில்லை. இன்று எமது ஊரிலே இருபது வயது நிரம்பியும் சாதாரணதரச் சான்றிதழ் இல்லாத இளைஞரைக் காணும்போது, அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். 2020இல் அவர் எந்த வகுப்பிலே இருந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

நன்மையும் தீமையும்

எம் சமூகத்தை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பவை நன்மை தீமைகள். கலியாண வீட்டுக்குச் சொல்லாவிட்டாலும், செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்பது ஊர் வழக்கு. இந்த இரண்டையுமே நோய் தொட்டது.

2020 சித்திரை வருடப்பிறப்பு ஊரடங்கினுள்ளே வந்தது. கைவிசேடம் வாங்கப் பிள்ளைகள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கோயில்களிலே குருக்கள் மட்டும் பூசை செய்தார். அடியவர் வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டு மீண்டனர். பல ஊர்களிலே தேர் கொட்டகையை விட்டு வெளிவரவில்லை. ஊர்கூடித் தேர் இழுத்தல் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது வழக்கம். ஊர் கூடாதபோது தேர் நகராது என்பதை அவ்வாண்டு கண்ணாரக் கண்டோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 2020 யூலை 25இலே கொடியேறிச் சுகாதாரக் கட்டுப்பாடுகளோடு நடந்தது. வீட்டிலிருந்தோர் தொலைபேசித் திரையில் தீபம் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டனர்.

செத்தவீடே எல்லாவற்றிலும் கொடியது. நோயினால் இறந்தவரின் உடல் மூடிய பெட்டியிலே வைத்தியசாலையிலிருந்து நேரே தகனத்துக்குச் சென்றது. குளிப்பாட்டவில்லை, சுண்ணம் இடிக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. குறித்த சிலர் மட்டும் எட்ட நின்று பார்த்தனர். வேறு காரணத்தால் இறந்தவர்க்கும் விதித்த தொகையினரே கூடலாம். நெடுநேரம் வைத்திருக்கவும் இயலாது. செத்தவீட்டிலே கூடியிருந்து அழுவதும், பின்னர் எட்டுச் செலவு, அந்தியேட்டி வரையில் ஆட்கள் வந்துபோவதும் வெறுஞ் சடங்குகள் என்று எண்ணியிருந்த இளைஞர், அவை இல்லாத வீட்டின் மௌனத்தைக் கண்டபின் அவற்றின் பொருளை உணர்ந்தனர். துயரம் பலருக்குப் பங்கிடப்பட்டே ஆறுவது. பங்கிட ஆளின்றிப் போனால் அது வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். இன்றும் அவ்வாறு தங்கியிருக்கும் வீடுகள் உள.

இவ்விடத்தில் எம் துயரை மட்டும் பேசுவது நீதியாகாது. 2020 ஏப்ரலிலே, இந்நோயால் இறந்தவர் யாவரையும் எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அவ்விதி ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. சைவராகிய எமக்குத் தகனம் வழக்கமாதலால், அவ்விதி எம்மை வருத்தவில்லை. ஆனால் இசுலாமியர்க்கு அடக்கஞ் செய்தலே சமயக் கடமை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். கட்டியோருள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். 2021 பெப்ரவரி 25இலே அவ்விதி மாற்றப்பட்டு, மார்ச்சு தொடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 யூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தகப்பனுக்குச் சுண்ணம் இடிக்க முடியவில்லையே என்று அழுத நாம், அயலானின் குழந்தை எரிந்தபோது எவ்வளவு பேசினோம் என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

நாம் கற்றது

2021 சனவரி 29இலே இந்நாட்டில் தடுப்பூசி ஏற்றல் தொடங்கியது. மே மாத இறுதியிலே யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கும் அது கிடைத்தது. 2023 மே 5இலே உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. முகக்கவசங்கள் மறைந்தன, சந்தை கூடுகின்றது, தேர் ஓடுகின்றது. அந்நாட்களில் நாட்டிய முருங்கைகள் சில 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே பலருக்குக் கறியாயின. சூம் வகுப்புகளும் நேரலைப் பூசைகளும் நிலைத்துவிட்டன. முதியோர் பலர் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் திரையில் காண அக்காலத்திலேதான் கற்றுக்கொண்டனர். இவையெல்லாம் நன்மைகளே.

எனினும் அவ்விரண்டு ஆண்டுகளின் வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது எமக்குத் தெளிவாவது ஒன்று உண்டு. நோய் எல்லோர்க்கும் பொதுவாக வந்தது. ஆனால் அடைத்த கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது வெவ்வேறு வாழ்க்கை. ஒருவர்க்கு அது ஓய்வு, ஒருவர்க்குப் பட்டினி, ஒரு பிள்ளைக்கு விடுமுறை, மற்றொரு பிள்ளைக்குப் படிப்பின் முடிவு. கதவு அடைபட்டிருந்தபடியால் ஒருவர் நிலை மற்றவர்க்குத் தெரியவில்லை. திறந்தபின்னும் நாம் போய்ப் பார்க்கவில்லை.

இளைஞர்களே, 1918இலே எம் ஊரில் யார் இறந்தார், யார் உதவினார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அக்குறையை நாமும் செய்தல் ஆகாது. இவ்வாண்டிலே எமது சங்கம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். அந்நாட்களில் வீட்டில் என்ன உண்டீர்கள், யாரை இழந்தீர்கள், யார் உதவினார், எந்தப் பிள்ளை படிப்பை விட்டது என்று கேட்டு எழுதட்டும். படம் பிடிக்க வேண்டாம். மூத்தோர் திண்ணையில் இருத்திப் பேசட்டும். எழுதி முடித்தபின், படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களை மீண்டும் பரீட்சைக்கு அமர்த்த நாம் செய்யக்கூடியது யாதென்று கூடிப் பேசுவோம். கூடிப் பேசுவதற்கு இப்பொழுது தடை எதுவும் இல்லை.